நான்கு உறையில் ஓர் ஊர்

பேரப்பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்பது இன்றைய தாத்தா பாட்டிமாருக்குத் தீராத தலைவலி. நம் காலத்தில் தீபாவளிக்கு ஒரு சட்டை, ஒரு பெட்டி மத்தாப்பு என்றால் பிள்ளைகள் ஒரு மாதம் துள்ளிக்கொண்டிருப்பார்கள். இப்போது சட்டை வாங்கினால் அளவு சரியில்லை. விளையாட்டுச் சாமான் வாங்கினால் அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. காசு உறை கொடுத்தால் "தேங்க்ஸ் பாட்டி" என்று வாங்கித் தாயிடம் நீட்டிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்காமலே எல்லாம் கிடைக்கும்போது எதற்குத்தான் வியப்பது?

பொருளை விட்டுவிட்டுப் பயணத்தைப் பரிசாகக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பள்ளி விடுமுறையில் இரண்டு மூன்று நாள் போய் வரும் பயணம் போதும். அதை "வாங்க, போகலாம்" என்று நேரே சொல்லிவிடாமல், பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கொடுங்கள். அப்படிச் செய்து பார்த்தவள் நான். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேரப்பிள்ளைகள் நால்வர். மகன் கிள்ளானில் இருக்கிறான். அவனுக்குப் பதினொரு வயதில் ஒரு பையன், ஐந்து வயதில் ஒரு பெண். மகள் சிரம்பானில் இருக்கிறாள். அவளுக்குப் பதினான்கு வயதில் ஒரு பெண், ஒன்பது வயதில் ஒரு பையன். நான் ஈப்போவில் ஒரு தாமானில் தனியாக இருக்கிறேன். அவர் காலமாகி மூன்று ஆண்டு ஆகிறது.

அவருடைய காரியம் முடிந்த கையோடு அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு மனத்தாங்கல் வந்துவிட்டது. என்ன காரணம் என்பது இங்கே வேண்டாம். எல்லாக் குடும்பத்திலும் உள்ள காரணந்தான். தீபாவளிக்கு மகன் காலையில் வருவான், மகள் மாலையில் வருவாள். பிள்ளைகள் நால்வரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்று மூன்று வருடமாயிற்று. சேர்த்து வைக்க நான் பேசாத பேச்சில்லை. கேட்டால் இருவருமே "ஒன்னுமில்லம்மா" என்பார்கள். ஒன்றுமில்லாததை எப்படித் தீர்ப்பது? பெரியவர்கள் கிடக்கட்டும், சின்னவர்கள் ஒருவரை ஒருவர் மறந்து போகாமல் இருக்கட்டும் என்றுதான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன்.

முதலில் யாரிடம் சொல்வது?

இன்ப அதிர்ச்சி பிள்ளைகளுக்குத்தான், பெற்றவர்களுக்கு அல்ல. இதை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாமானில் ஒரு பெரியவர், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்து, கேக் பெட்டிக்குள் வைத்துப் பேரனிடம் கொடுத்தார். பெட்டியைத் திறந்ததும் பேரன் குதித்தான். மருமகள் உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். பையனுடையது காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று அந்த வீட்டில் பிறந்தநாளா, துக்க நாளா என்று தெரியாமல் போயிற்று.

ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே பெற்றோர் காதில் போட்டுவிட வேண்டும். தாய் தகப்பனுக்கு லீவு எப்போது, பிள்ளைக்கு டியூஷன் உண்டா, சம்பந்தி வீட்டார் ஏதாவது நினைத்து வைத்திருக்கிறார்களா, எந்தப் பிள்ளைக்கு வண்டியில் போனால் வாந்தி வரும், எதற்கு மருந்து வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்குப் பேரப்பிள்ளை என்றாலும் பொறுப்பு அவர்களுடையது.

நான் மகனுக்கும் மகளுக்கும் ஒரே நாளில், ஒரே வார்த்தையில் சொன்னேன். "விடுமுறையில் பிள்ளைகள் நால்வரையும் மூன்று நாள் எனக்குக் கொடுங்கள்." மகன் வயிற்றுப் பேரன், மகள் வயிற்றுப் பேரன் என்று ஒரு வார்த்தை ஏறினாலும் இறங்கினாலும் அது நாளைக்கு வேறொரு மனத்தாங்கலாகிவிடும். மகள் உடனே சரி என்றாள், தானும் கூட வருகிறேன் என்றாள். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு லீவு கிடைக்காதும்மா" என்றான். அருகில் இருந்த மருமகள் கைப்பேசியை வாங்கி, "அத்தை, நீங்க டிக்கெட் எடுங்க. பிள்ளைங்கள நான் அனுப்பி வைக்கிறேன்" என்றாள். நல்ல மருமகள் கிடைப்பது பூர்வ புண்ணியம்.

வயதுக்கு ஏற்றபடி

ஐந்து வயதுக்குப் பத்து நாள் என்பது பத்து வருடம். சின்னக் குழந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் தினமும் காலையில் எழுந்து "இன்னைக்கா?" என்று கேட்டுத் தாயின் உயிரை வாங்கிவிடும். அதற்குப் புறப்படுவதற்கு முந்தின இரவு சொன்னால் போதும். கையில் ஒரு சின்னப் பையைக் கொடுத்து, "உனக்கு வேண்டியதை நீயே எடுத்து வை" என்றால் அதுவே அதற்குத் திருவிழா.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் புதிர் பொருந்தும். துப்பு கொடுத்தால் துரத்துவார்கள்.

பதின்மூன்றைத் தாண்டியவர்கள் வேறு சாதி. அவர்களுக்குத் தங்களைக் கேட்காமல் முடிவு செய்வது பிடிக்காது. இன்ப அதிர்ச்சி என்று நாம் நினைப்பது அவர்களுக்குத் தொந்தரவு. அவர்களைக் கூட்டாளியாக்கிவிடுங்கள். நான் மூத்த பேத்தியிடம் மட்டும் இரகசியத்தைச் சொன்னேன். ரயில் டிக்கெட்டைக் கைப்பேசியில் எடுத்தது அவள்தான். பள்ளி விடுமுறைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் தேதி திறந்த அன்றே எடுத்தாள். மூத்த குடிமக்களுக்கும் சிறுவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு என்பதையும் அவளே பார்த்துச் சொன்னாள். தம்பியிடம் ஒரு வார்த்தை விடவில்லை. மூன்று வாரம் வாயைக் கட்டி வைத்திருந்ததுதான் அந்தப் பயணத்தில் அவளுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் என்று பிறகு சொன்னாள்.

உறையும் ஒரு கொட்டையும்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததே கிடையாது. வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் தண்ணீர்க் கட்டணமும் மின்சாரக் கட்டணமுந்தான். ஆகவே நான்கு உறை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் முழுப் பெயரை எழுதி, அஞ்சல்தலை ஒட்டிப் போட்டேன். உள்ளே கடிதம் எதுவும் வைக்கவில்லை. ஒரு ரப்பர்க் கொட்டை மட்டும் இருந்தது.

கோலகங்சார்ப் பக்கம் சிறு தோட்டம் வைத்திருக்கும் ஓர் உறவினர் எப்போதோ கொடுத்த ஒரு கைப்பிடிக் கொட்டை என்னிடம் இருந்தது. பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் பொறுக்கி விளையாடி வளர்ந்தவர்கள்! வெயில் நேரத்தில் காய் "படார்" என்று வெடித்துக் கொட்டை தெறிக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அனுப்பினால் தாயிடம் முன்பே எச்சரித்துவிட வேண்டும். நான் மருமகளிடம் சொல்லியிருந்தேன்.

கிள்ளான் வீட்டில் உறை போய்ச் சேர்ந்த அன்று நடந்ததை மருமகள்தான் எனக்குச் சொன்னாள். பேரன் கொட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறான். கைப்பேசியில் படம் பிடித்துத் தேடியிருக்கிறான். பிறகு வேலை முடிந்து வந்த தகப்பனிடம் காட்டியிருக்கிறான். என் மகன் சட்டையைக்கூட மாற்றவில்லையாம். அப்படியே தரையில் குந்தி, கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் பையன் கையில் வைத்து அழுத்தினானாம். பையன் "ஐயோ!" என்று அலற, தங்கச்சி "எனக்கு, எனக்கு" என்று கையை நீட்ட, வீடே அமர்க்களமாம். தோட்டத்தில் இந்த வித்தையில் அகப்பட்டு அழாத பிள்ளை உண்டா? என் மகளின் கையில் எத்தனை முறை வைத்து அவளை அழ வைத்திருப்பான்!

அன்றிரவு அவனே எனக்குப் பேசினான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். "அம்மா, அந்தக் கொட்டையெல்லாம் இன்னும் எங்கம்மா கிடைக்குது?" என்றான். அரை மணி நேரம் தோட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பெரட்டுக்கு எழுப்பும் மணியைப் பற்றிப் பேசினான், ஆயாக் கொட்டகையைப் பற்றிப் பேசினான், அவன் அப்பாவின் காண்டா வாளியைப் பற்றிப் பேசினான். கடைசியில், "தங்கச்சி பிள்ளைங்களுக்கும் அனுப்பினீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "ம்" என்றான். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது உறை போயிற்று. அதில் ஓர் அட்டை, அட்டையில் ஒரே ஓர் எழுத்து. மூத்த பேத்திக்குத் 'தை'. கிள்ளான் குட்டிக்கு 'ப்'. அவள் அண்ணனுக்குப் 'பி'. சிரம்பான் பேரனுக்கு 'ங்'. நான்கையும் ஒன்றுசேர்த்தால்தான் ஊர் பெயர் வரும். ஒரு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் எத்தனை மூளையைக் கசக்கினாலும் வராது. அதற்காகத்தான் எழுத்துகளை அப்படிப் பிரித்துக் கொடுத்தேன்.

சிரம்பான் பேரன் அக்காவின் 'தை'யைப் பார்த்துவிட்டு, "தைப்பூசம்! பத்துமலைதான்" என்று முடிவே கட்டிவிட்டான். அப்படியானால் 'ங்' எங்கே வருகிறது என்று அக்கா கேட்டதும் விழித்தான். கிள்ளானிலோ வேறு சங்கடம். மகள் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். மகன் பிள்ளைகள் வேறு பள்ளி. பேரனுக்குத் தமிழ் பேச வரும், ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. தன் அட்டையில் இருப்பது என்ன சத்தம் என்றே அவனுக்குப் புரியவில்லை. தகப்பனிடம் கேட்டிருக்கிறான். தகப்பன், "அத்தை பிள்ளைங்களக் கேளு" என்று எண்ணைத் தட்டிக் கொடுத்திருக்கிறான்.

மூன்று வருடத்துக்குப் பிறகு நால்வரும் அன்றைக்குத்தான் முகம் பார்த்துப் பேசினார்கள். எழுத்து அட்டைகளைக் கைப்பேசித் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, முன்னே பின்னே மாற்றி மாற்றிப் படித்து, கடைசியில் சிரம்பான் பேரன் "தைப்பிங்!" என்று கத்தியது அடுத்த வீட்டுக்கே கேட்டதாம். கிள்ளான் பேரன் அதற்குள் நான்கு எழுத்தைத் தெரிந்துகொண்டான்.

மூன்றாவது உறையில் ஒரு சீட்டும், அச்சடித்த ரயில் டிக்கெட்டும். டிக்கெட் கைப்பேசியில் இருந்தாலே போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பரிசு என்றால் கையில் பிடிக்க ஒன்று வேண்டும், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும். சீட்டில் இப்படி எழுதினேன்: "மழைச் சட்டை ஒன்று, டார்ச் லைட் ஒன்று கொண்டு வரவும். ஏன் என்று கேட்கக் கூடாது." கேட்கக் கூடாது என்றால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? புறப்படும் வரை அதே பேச்சுத்தான்.

காலி இருக்கை

மே மாதக் கடைசி விடுமுறையில் ஒரு நாள் காலை, மகன் தன் பிள்ளைகளைக் கோலாலம்பூர் சென்ட்ரலுக்குக் கொண்டுவந்து விட்டான். மகள் சிரம்பானிலிருந்து தன் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்று என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. குட்டிக்கு வாந்தி மருந்து எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னானாம். அதுவும் பேச்சுத்தானே!

பாட்டி தைப்பிங்கில் காத்திருப்பாள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தது. ஆனால் டிக்கெட் ஆறு. ஐந்து பேர் உட்கார்ந்த பிறகும் ஓர் இருக்கை காலி. யாருக்கு என்று குட்டி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். தஞ்சோங் மாலிம் போயிற்று, கம்பார் போயிற்று, பத்துகாஜா போயிற்று, யாரும் வரவில்லை. ஈப்போவில் வண்டி நின்றதும், முறுக்கு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் ஏறினேன். எனக்கும் கோலாலம்பூரிலிருந்தே டிக்கெட் எடுத்ததில் கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஆனால் குட்டி, "பாட்டி சீட்டு! பாட்டி சீட்டு!" என்று இருக்கையைத் தட்டிக் கத்தியதைக் கேட்டபோது செலவு மறந்து போயிற்று.

ரயிலில் பிள்ளைகளுக்குச் சொல்ல வழியெல்லாம் விஷயம் இருக்கிறது. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. நம் முன்னோர் இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்து பால் வெட்டிய கதைக்கு அந்தச் சிறு கன்றுகள்தாம் தொடக்கம். "உங்களுக்கு வந்த கொட்டையின் கொள்ளுத் தாத்தா" என்றேன். சிரித்தார்கள். அதைத் தாண்டிப் பாடாங் ரெங்காசை விட்டதும், பெராப்பிட் மலைக் குகைக்குள் வண்டி நுழைகிறது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்தக் காலத்தில் பழைய கம்பிச் சடக்கில் போகும்போது குகை வந்தால் சன்னலைத் திறந்து வைத்துக் கூச்சல் போடுவோம். இப்போது சன்னல் திறப்பதில்லை. பிள்ளைகள் கூச்சலை உள்ளேயே போட்டார்கள்.

தைப்பிங் என்ற பெயருக்குப் பொருள் என்ன என்று மூத்தவள் கேட்டாள். ஈயம் எடுக்க வந்த இரண்டு கூட்டத்தார் அந்த வட்டாரத்தில் பல வருடம் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். 1874இல் சண்டை ஓய்ந்தது. அதன் பிறகு வந்த பெயர் இது. சீன மொழியில் நிலையான அமைதி என்று பொருள். இதை நான் சொல்லி முடித்தபோது என் மகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மழையும் மின்மினியும்

தைப்பிங்கில் பிள்ளைகளுக்குப் பொழுது போவதே தெரியாது. ஈயம் தோண்டிய பள்ளங்கள் 1880இல் ஏரிப் பூங்காவாக மாறின. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கையை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. பக்கத்திலேயே 1961இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை. 1883இல் தொடங்கிய அரும்பொருளகம், நாட்டிலேயே பழமையானது.

மழைச் சட்டையின் இரகசியம் அங்கேதான் வெளிப்பட்டது. தைப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த நகரம். இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று முன்பு ஊர்க்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள் என்று சொல்வதுண்டு. நாங்களும் கட்டினோம். ஆளுக்கு ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும், வென்றவருக்கு ஐந்து முறுக்கு. நான்கு மணி என்று சொன்ன குட்டி வென்றாள். மழையில் நனைந்துகொண்டே ஏரிக்கரையில் நால்வரும் ஓடினார்கள். எங்கோ மூன்று வருடம் பிரிந்திருந்த பிள்ளைகள் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் ஒரு வேன் பிடித்துக் கோல செப்பெத்தாங் போனோம். முன்பு அதற்குப் போர்ட் வெல்ட் என்று பெயர். 1885 ஜூன் முதல் நாள் மலாயாவின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்குக்கும் அந்தக் கடற்கரைக்கும் இடையில்தான். ஏறக்குறைய எட்டு மைல். இப்போது தண்டவாளம் இல்லை. ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் பெயர் இருக்கிறது. அந்த நாளில் ரயிலில் ஏறி இறங்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி.

கிள்ளான் பேரன் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு விரலை நீட்டி, "பாட்டி, இது என் எழுத்து!" என்றான். அவனுடைய அட்டையில் வந்த 'ப' அங்கே இருந்தது. சிரம்பான் பேரன் அவன் தோளில் கை போட்டு, மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, கருவாட்டு வாசனைக்கு நடுவே நடந்த அந்தத் தமிழ் வகுப்பை நான் தள்ளி நின்று பார்த்தேன்.

கண்டல் மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் சூளைகளைப் பார்த்தோம். தோட்டத்தில் இஸ்திரிப் பெட்டிக்குள் போட்ட கரி எப்படி வந்தது என்று மகள் தன் பிள்ளைகளுக்கு விளக்கினாள். இருட்டியதும் படகில் ஏறி மின்மினி பார்க்கப் போனோம். டார்ச் லைட்டை இப்போதாவது அடிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். "அடிச்சா ஒன்னும் தெரியாது. அணைச்சு வைங்க" என்றேன். அணைத்தார்கள். சற்று நேரத்தில் ஆற்றோர மரங்கள் முழுக்க மினுக்கத் தொடங்கின. கைப்பேசியை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் பிறந்து, என் பிள்ளைகளும் பிறந்த தோட்டத்துக்குப் போவதாகத் திட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது நாங்கள் வெளியேறினோம். அப்போது மகனுக்குப் பன்னிரண்டு வயது. லயம் எதுவும் இப்போது இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. கோயில் வாசலில் வேன் நின்றபோது ஒரு கார் அங்கே முன்பே நின்றிருந்தது. மகன் இறங்கி வந்தான். "லீவு கிடைக்கலன்னு சொன்னியே" என்றேன். "இன்னைக்கு ஒரு நாள் கிடைச்சுச்சும்மா" என்றான். குட்டி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று அண்ணன் ஒரு பக்கம் காட்டினான், தங்கை இன்னொரு பக்கம் காட்டினாள். இருவரும் வாதாடிக்கொண்டே செம்பனைக்குள் நடந்தார்கள். பிள்ளைகள் நால்வரும் பின்னால் போனார்கள். நான் கோயில் திண்ணையில் உட்கார்ந்து மிச்ச முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வர அரை மணிக்கு மேலாயிற்று. யார் சொன்ன இடம் சரி என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. மதியம் தைப்பிங்கில் ஒரு வாழையிலைக் கடையில் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

செலவுக்கு வழி

இவ்வளவு செலவுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நான் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுத்துச் செய்வேன். அந்தக் காசை ஒரு பிஸ்கட் டின்னில் ஒரு வருடம் தொடாமல் வைத்தேன். அப்படி முடியாதவர்களுக்கு ஒரே நாளில் போய் வரும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. வடக்கே இருப்பவர்களுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் பெரியில் போய் வருவதே பெரிய காரியம். 1923 முதல் ஆட்களை ஏற்றி இறக்கும் கொடிமலை ரயிலையும் பார்க்கலாம். ஈப்போ பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக் கப்பல் இருக்கிறது. தண்ணீரில் மிதந்து மண்ணை வாரிய மூன்று மாடி இரும்புக் கோட்டை அது. கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்குப் பத்துமலைப் படி எத்தனை என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். ஏறி எண்ணட்டும், 272 வருகிறதா என்று பார்ப்போம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் சாங்கியிலிருந்து புலாவ் ஊபினுக்குப் படகேறலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். அந்தக் காத்திருப்பே பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.

எங்கே போகிறோம் என்பது பெரிதல்ல. உறையில் பெயர் எழுதிப் போடுவதற்கும், முறுக்கு டின்னின் அடியில் டிக்கெட்டை மறைப்பதற்கும் காசு வேண்டியதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தேடிப்போகும்படி செய்யுங்கள். நீங்கள் பாதியைச் சொல்லி மீதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பரிசு அங்கேதான் இருக்கிறது.

சென்ற வாரம் என் தபால் பெட்டியில் ஓர் உறை கிடந்தது. மேலே என் முழுப் பெயர், கிள்ளான் அஞ்சல் முத்திரை. உள்ளே ஓர் அட்டை, அதில் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு 'ம'. யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். தமிழ் எழுத்தே தெரியாது என்றிருந்த பையன் அவன். மகளுக்குப் போன் போட்டேன். "எனக்கொன்னும் தெரியாதும்மா, அண்ணனக் கேளுங்க" என்றாள். மகனைக் கேட்டால், "தங்கச்சியக் கேளுங்க" என்கிறான்.

நான்கு பிள்ளைகள், நான்கு எழுத்து. மலாக்காவாக இருக்குமோ என்று நினைக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. மழைச் சட்டையை மட்டும் எடுத்துக் கொடியில் உலர்த்திவிட்டு, மற்ற மூன்று உறைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.